டெசிக்னேஷன் இல்லாமல் டீம் லீட் வேலை: ஒப்புக்கொள்ளலாமா?

சிறுசேரி வண்டி
2025 ஆகஸ்ட் 3, இரவு 11:20

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 செப்டம்பரில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். கொரோனா பேட்ச். மூன்று மாதப் பயிற்சியும் ஆன்லைன்தான். விருதுநகர் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில், டேபிள் ஃபேன் சத்தத்துக்கு நடுவே ஜாவா கற்றுக்கொண்டேன். படித்தது மெக்கானிக்கல். ஆபீஸ் கட்டடத்தை 2022இல்தான் நேரில் பார்த்தேன். சம்பளம் மூன்றரை லட்சத்துக்குள் ஆரம்பித்து இப்போது ஆறை நெருங்குகிறது.

அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸ் கிளையண்ட். 7 பேர் டீம். எங்கள் லீட் போன மாதம் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா. வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "இனிமே நீயே பாத்துக்கப்பா, டெசிக்னேஷன் அடுத்த சைக்கிள்ல பண்ணிடலாம்" என்றார். சைக்கிள் என்றால் ப்ரமோஷன் கொடுக்கும் சுற்று.

டீமில் இரண்டு பேர் என்னைவிட ஒரு வருஷம் சீனியர். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போன வாரம் முழுக்க நான் புரோகிராம் கோடு எழுதியது நாலு மணி நேரம். மிச்சமெல்லாம் கால், மெயில், எக்ஸெல். இதற்காகவா இத்தனை கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டோம் என்று இருக்கிறது. சரி என்று சொல்லலாமா?

---

பெஞ்ச் மன்னன்
ஆகஸ்ட் 3, இரவு 11:41

"அடுத்த சைக்கிள்ல" என்பதை நம்பி நானும் ஏறினேன். நாலு வருஷமாக பெடல் மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.

---

பழைய மெயின்ஃப்ரேம்
ஆகஸ்ட் 4, காலை 6:15

தம்பி, உன் கடைசிப் பத்திதான் முக்கியம். டெசிக்னேஷனைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் அந்த நாலு மணி நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் 2006 பேட்ச். கோபால் (COBOL), ஜேசிஎல் (JCL), இரண்டும் மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரில் எழுதும் மொழிகள். 2010இல் என்னை லீட் ஆக்கினார்கள், லண்டன் கிளையண்ட். அங்கே ராத்திரி 9 மணிக்கு பேட்ச் ஜாப்கள் (வரிசையாகத் தானே ஓடும் புரோகிராம்கள்) ஓட ஆரம்பிக்கும், இங்கே கோடையில் அது நள்ளிரவு ஒன்றரை. காலை 7 மணிக்கு அவர்கள் ஆன்லைன் சிஸ்டம் திறந்தாக வேண்டும், அது நமக்குப் பதினொன்றரை. அதற்குள் எந்த ஜாப் விழுந்தாலும் எழுப்பி ஓடவைக்க வேண்டும்.

பிரீமியம் கணக்குப் போடும் ஜாப் ஒன்று வாரத்துக்கு இரண்டு முறையாவது எஸ்-ஜீரோ-சி-செவனில் விழும். மெயின்ஃப்ரேம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வேறொரு சிஸ்டத்திலிருந்து வரும் ஃபைலில், தொகை இல்லாத பாலிசிக்குப் பூஜ்யம் போடாமல் வெறும் ஸ்பேஸ் போட்டு அனுப்பிவிடுவார்கள். அது பேக்டு டெசிமல் ஃபீல்டு, எண் மட்டுமே இருக்க வேண்டிய இடம். புரோகிராம் அதை எடுத்துக் கூட்டப் போகும், அங்கேயே சுருண்டு விழும்.

டம்ப்பை (விழுந்த நேரத்து மெமரியின் நகல்) திறந்து, ஆஃப்செட்டைப் பார்த்து, கம்பைல் லிஸ்டிங்கில் எந்த வரி என்று பிடித்து, அந்த ரெக்கார்டைத் தேடிச் சரிசெய்து, அந்த ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டுவேன். எனக்கு இருபது நிமிஷம். எங்கள் டீமில் ஷிஃப்டில் இருந்த பையனுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் அவன் எனக்கு போன் போடுவான், நான் வீட்டிலிருந்தே சரிசெய்துவிட்டுத் தூங்குவேன். எட்டு மாதம் இப்படி. கிளையண்டிடமிருந்து பாராட்டு மெயில் எல்லாம் வந்தது. எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அடுத்த வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம், காரைக்குடியில். 9 முதல் 10:30 முகூர்த்தம். கணக்குப் போட்டுப் பார், லண்டனில் விடிகாலை நாலரை. மணமேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறேன், பட்டு வேட்டி மடிப்பில் போன் அதிர்கிறது. மூன்றாவது முறை அதிர்ந்ததும் எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் பின்னால் போனேன். "அண்ணா, செவன் வந்துருச்சு, என்ன பண்றது?" என்கிறான். சாம்பார் அண்டா பக்கத்தில் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே கெட்டிமேளம் கேட்டது. தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. அந்த போட்டோவில் நான் இல்லை.

அவனைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. எட்டு மாதமாக அவனுக்கு அதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லையே.

திரும்பி வந்ததும் ஒன்று செய்தேன். ஜாப் விழுந்தால் அவன் பக்கத்தில் போய் உட்காருவேன், கீபோர்டைத் தொடமாட்டேன். முதல் நாள் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தான். கை பரபரக்கும், பக்கத்து மேஜையில் இருக்கும் ஸ்டேப்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறாவது முறை முப்பது நிமிஷத்தில் முடித்தான். முடித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "இதை ஏண்ணா தினம் சரிசெய்யணும்? கூட்டறதுக்கு முன்னாடி அது நம்பரா இல்லையான்னு புரோகிராமே பார்த்து ஒதுக்கிட்டா என்ன?" எட்டு மாதமாக எனக்குத் தோன்றாத கேள்வி. ராத்திரி வீரனாக இருப்பதில் எனக்கு அவ்வளவு சுகம். ஐந்தாறு வரி நியூமெரிக் செக். கிளையண்ட் அனுமதி வாங்கத்தான் ஒரு மாதம் ஆனது.

ஆகவே தம்பி, நாலு மணி நேரம் கோடு எழுதினாய் என்பதை விடு. மிச்ச நேரத்தில் உன் டீமில் யாருக்கு என்ன வந்தது என்று பார்.

---

சிறுசேரி வண்டி
ஆகஸ்ட் 4, காலை 9:02

அண்ணா, பஸ்ஸில் படித்தேன். சோழிங்கநல்லூர் சிக்னலில் மெட்ரோ வேலைக்காக வண்டி நின்றதால் இரண்டு தடவை படித்தேன். ஆனால் எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், ஒப்புக்கொண்ட வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தால் வேலை தள்ளிப்போகும். மேனேஜர் அதற்கும் என்னைத்தானே கேட்பார்?

---

கோடு கூலி
ஆகஸ்ட் 4, மதியம் 1:30

மெயின்ஃப்ரேம் சார் மனசைத் தொடுகிற மாதிரி எழுதிவிட்டார். நான் காசைப் பற்றி எழுதுகிறேன். 14 வருஷ அனுபவம், லீட் ஆக மாட்டேன் என்று இரண்டு முறை சொன்னவன், இப்போது சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்.

உன்னை ஏன் லீட் ஆக்குகிறார்கள் என்று முதலில் புரிந்துகொள். சர்வீஸ் கம்பெனி விற்பது மனித மணி நேரத்தை. கிளையண்ட் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார், கம்பெனி அதில் ஒரு பகுதியைச் சம்பளமாகக் கொடுக்கிறது. ஐந்து வருஷ ஆளுக்கும் ஒரு வருஷ ஆளுக்கும் கிளையண்ட் கொடுக்கும் தொகையில் வித்தியாசம் கொஞ்சம்தான். சம்பளத்தில் இரண்டு மடங்கு. அப்போ லாபம் எங்கே? கீழே ஃப்ரெஷர்கள் அதிகம் இருக்க வேண்டும். இதைத்தான் பிரமிடு என்கிறார்கள். பிராஜெக்ட் ரிவ்யூவில் "பிரமிடு சரியில்லை" என்று சொன்னால், சீனியர்கள் அதிகம், நாலு பேரை மாற்று என்று அர்த்தம்.

ஃப்ரெஷரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நடக்காது. அதனால் அவர்கள் எழுதுவதைப் பார்த்து, திருத்தி, கிளையண்ட் நம்பும்படி ஆக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீ. எனவே கற்றுக்கொடுப்பதால் வேலை தள்ளிப்போகிறது என்று நினைக்காதே. அதுதான் வேலை. மேனேஜர் அதை வாயால் சொல்லமாட்டார், அவர் எக்ஸெல்லில் இருக்கிறது.

அப்புறம் எஸ்டிமேட். இன்னொரு தலைவலி. மணிக்கணக்கில் காசு வாங்கும் பிராஜெக்டில் தப்பாகக் கணக்குப் போட்டால் கிளையண்ட் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஃபிக்ஸ்டு பிரைஸ், அதாவது மொத்த வேலைக்கும் முன்கூட்டியே ஒரே விலை என்றால் கதையே வேறு. உதாரணத்துக்கு 400 மணி நேரம் என்று நீ எழுதிக் கொடுத்து 600 ஆனால், அந்த 200க்கு யாரும் காசு தரமாட்டார்கள். அது உன் டீமின் சனிக்கிழமைகளிலிருந்து வரும். உன் மேனேஜர் "320ல முடிக்கலாமே" என்பார். அப்போது "முடியாது, இன்ன காரணம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். டெஸ்டிங், டேட்டா தயார் செய்வது, கிளையண்ட் பதில் சொல்லாமல் இழுக்கும் நாட்கள், பொங்கல் வாரம், எல்லாம் கணக்கில் வர வேண்டும். நான் பார்த்த லீட்களில் பாதிப்பேர் கோடு எழுதத் தெரியாமல் தோற்கவில்லை, இந்த ஒரு "முடியாது" வராமல் தோற்றார்கள்.

கோடுதான் பிடிக்கும் என்றால் டெக்னிக்கல் பாதையும் உண்டு. ஆனால் பல இடங்களில் அது ஹெச்ஆர் ஸ்லைடில்தான் அகலமாக இருக்கும். நடந்து பார்த்தால் ஒற்றையடிப் பாதை. நான் அதில் வந்ததற்கு ஒரு நல்ல ஆர்க்கிடெக்ட் கையைப் பிடித்து இழுத்ததுதான் காரணம்.

---

பெஞ்ச் மன்னன்
ஆகஸ்ட் 4, மதியம் 2:10

எல்லாரும் சேர்ந்து பையனை ஏணியில் ஏற்றுகிறீர்கள். போன மாதம் செய்தி பார்த்தீர்களா? டிசிஎஸ் 2 சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப் போவதாக அறிவித்தது. யாரை? பெரும்பாலும் நடு மட்டம், மேல் மட்டம். வருஷத்தில் 35 நாளுக்கு மேல் பெஞ்சில் (பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது) இருக்கக் கூடாது என்று ஜூனில் விதி வேறு. கோடு எழுதுகிறவன் நாளைக்கே இன்னொரு பிராஜெக்டில் உட்காரலாம். எக்ஸெல் பார்க்கிற லீட் எங்கே உட்காருவார்?

---

கோடு கூலி
ஆகஸ்ட் 4, மதியம் 2:25

கிண்டலாகச் சொன்னாலும் இது சரி. தம்பி, லீட் ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் கோடு ரிவ்யூவை யாருக்கும் கொடுக்காதே. எழுதாவிட்டாலும் படி. பத்து வருஷம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் மட்டும் அனுப்பியவர்கள் இன்டர்வியூவில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன், சங்கடமாக இருக்கும்.

---

மல்லிகா அக்கா
ஆகஸ்ட் 4, இரவு 10:05

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

தம்பி, முதலில் மெயில். மேனேஜர் டீயோடு சொன்னதை நீ மெயிலாக எழுதி அனுப்பு. சண்டை மாதிரி இல்லாமல், "இன்று பேசியபடி, இந்தத் தேதியிலிருந்து இந்த இந்தப் பொறுப்புகளை நான் எடுத்துக்கொள்கிறேன், அடுத்த சைக்கிளில் டெசிக்னேஷன் பற்றிப் பேசலாம் என்றீர்கள்" என்று நாலு வரி. அவர் ஓகே என்று ஒற்றை வார்த்தை பதில் போட்டால் போதும். மேனேஜர் மாறுவார்கள். என்னுடையவர் இரண்டு வருஷத்தில் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு புதியவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது என் டீம் வேறொருவரிடம் இருந்தது. "நீங்க லீடா? சிஸ்டத்துல அப்படி இல்லையே" என்றார்கள். அன்றைக்கு என்னிடம் ஒரு மெயில் இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

சீனியர் இரண்டு பேர் விஷயம். அறிவிப்பு மெயில் வருவதற்கு முன்னால் தனித்தனியாக நீயே போய்ப் பேசு. ஒருவருக்காவது அந்த இடத்தின் மேல் ஆசை இருந்திருக்கும். "உங்களுக்கு வருத்தம் இருக்கும்னு தெரியும்" என்று நேரடியாகச் சொல்லிவிடு. சுற்றி வளைத்தால் கேன்டீனில் வேறு மாதிரி வளையும்.

அப்ரைசல் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன். லீட் ஆன முதல் வருஷம், என் டீமில் 6 பேர். எல்லாருக்கும் நல்ல ரேட்டிங் எழுதி அனுப்பினேன். எழுதினால் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அக்கவுன்ட் (ஒரு கிளையண்டுக்கு வேலை செய்யும் எல்லா டீம்களும்) முழுவதற்கும் சேர்த்து ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்து, மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று வெட்டுவார்கள் என்பது அப்போது தெரியாது. அந்த அறையில் ஒவ்வொரு லீடும் தன் ஆளுக்காக வாதாட வேண்டும். என் முறை வந்தது. தூத்துக்குடிப் பையன் ஒருவன், சத்தமே போடமாட்டான், வருஷம் முழுக்க எங்கள் ரிலீஸ் உடையாமல் பார்த்துக்கொண்டவன். "என்ன பண்ணினார்னு ஒரு உதாரணம் சொல்லுங்க" என்றார்கள். எனக்கு வாயில் வரவில்லை. "ரொம்ப ஹார்டு ஒர்க் பண்ணுவாருங்க" என்றேன். பக்கத்திலிருந்த லீட் தன் ஆளுக்குத் தேதியோடு மூன்று சம்பவம் சொன்னார். அவருக்குப் போனது.

பையனுக்கு ரேட்டிங்கைச் சொன்ன அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. "சரிக்கா" என்றான். நாலாவது வாரம் பேப்பர் போட்டான்.

அதிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. "ஜூன் 14: டூப்ளிகேட் பேமென்ட் போகாமல் இவள் நிறுத்தினாள், கிளையண்டுக்குத் தெரியும் முன்பே." இந்த மாதிரி. ஒன்றும் எழுத முடியாத பெயர் ஒன்று வரும். அந்த வாரம் அவர்களோடு நான் பேசவே இல்லை என்று அப்போதுதான் தெரியும். திங்கட்கிழமை முதல் வேலையாகப் போய்ப் பேசுவேன்.

---

நெல்லை ஃப்ரெஷர்
ஆகஸ்ட் 5, காலை 8:40

அண்ணன்களே, அக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் பயிற்சி முடித்து பெஞ்சில் இருக்கிறேன். தமிழ் மீடியம். லீட் எல்லாம் தூரம். எனக்கு கிளையண்ட் கால் என்றாலே வயிறு கலக்குகிறது. இங்கிலீஷ் சரளமாக இல்லாவிட்டால் கடைசி வரை பின்வரிசைதானா?

---

மான்செஸ்டர் மழை
ஆகஸ்ட் 5, மாலை 4:50

இதற்கு நான் பதில் சொல்லலாம். நானும் தமிழ் மீடியம்தான், விழுப்புரம் பக்கம். ஆஃப்ஷோரில் (நம் ஊரிலிருந்தே) லீட்டாக இருந்து, ஆன்சைட் (கிளையண்ட் ஊருக்கு) வந்து, இப்போது இங்கே கிளையண்ட் கம்பெனியிலேயே வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இங்கே இருப்பவர்கள் நம் இலக்கணத்தைப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு எரிச்சல் வருவது ஒரே இடத்தில்தான்: எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்பது. "புரிந்ததா?" எஸ். "வெள்ளிக்கிழமை முடியுமா?" எஸ். வெள்ளிக்கிழமை காலை ஒரு மெயில், வேலை "90 சதவீதம்" முடிந்தது என்று. அடுத்த வெள்ளியும் 90. ரிப்போர்ட்டில் மூன்று வாரம் பச்சை, நாலாவது வாரம் திடீரென்று சிவப்பு. இதற்கு இங்கே தர்பூசணி ரிப்போர்ட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு.

எங்களுக்கு வேலை செய்யும் சென்னை டீம் ஒன்றில் ஒரு பெண் இருக்கிறார். ஆங்கிலம் உடைந்து உடைந்துதான் வரும். செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுவார்: "ஃப்ரைடே நாட் பாசிபிள். டூ ரீசன்ஸ். ஐ நீட் ஒன் டிசிஷன் ஃப்ரம் யூ." அவ்வளவுதான். எங்கள் டைரக்டர் அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார், "அவர் என்ன சொன்னார்?" என்று. லீட் டெசிக்னேஷன் அவருக்கு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

நெல்லைத் தம்பி, காலுக்கு முன்னால் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்: என்ன முடிந்தது, எது நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். பார்த்து வாசித்தாலும் தப்பில்லை. புரியாவிட்டால் "கேன் யூ டைப் இட் இன் தி சாட்?" என்று கேள். சந்தோஷமாக டைப் செய்வார்கள். இங்கே ஸ்காட்லாந்துக்காரர் பேசினால் இந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

---

நெல்லை ஃப்ரெஷர்
ஆகஸ்ட் 5, மாலை 6:12

நன்றி அண்ணா. மெயிலில் "ஆவன செய்யவும்" என்பதற்கு "டூ தி நீட்ஃபுல்" எழுதலாமா?

---

மான்செஸ்டர் மழை
ஆகஸ்ட் 5, மாலை 6:20

வேண்டாம் தம்பி. அதை மட்டும் ஊரிலேயே விட்டுவிடு.

---

சிறுசேரி வண்டி
2025 டிசம்பர் 14, மதியம் 12:35

எல்லாருக்கும் வணக்கம். சரி என்று சொல்லிவிட்டேன், நாலு மாதம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி மெயில் போட்டேன். மேனேஜர் மூன்று நாள் பதில் போடவில்லை. நாலாவது நாள் "நோட்டட்" என்று வந்தது. சீனியர் இருவரில் ஒருவர் நல்லபடியாகப் பேசினார். இன்னொருவர் "உனக்கு ஆல் தி பெஸ்ட்" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் என்னோடு டீ குடிக்க வரவில்லை. இப்போது வருகிறார். டிசைன் ரிவ்யூ முழுவதையும் அவரிடமே கொடுத்துவிட்டேன், என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

செப்டம்பரில் ஒரு எஸ்டிமேட்டில் பொங்கிவிட்டேன். மேனேஜர் மூன்று வாரம் என்றார், நான் ஐந்து என்றேன், நாலில் முடிந்தது பேரம். ஐந்து வாரம்தான் ஆனது. அடுத்த முறை ஆறு என்று ஆரம்பிக்கலாமா என்று கோடு கூலி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

மெயின்ஃப்ரேம் அண்ணா, உங்களுக்காக ஒன்று. எங்கள் டீமில் ஜூனில் சேர்ந்த பெண், தர்மபுரி. ஆரம்பத்தில் ஒவ்வொரு எரருக்கும் என் மேஜைக்கு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், ஸ்டேப்ளருக்குப் பதில் என் ஐடி கார்டு கயிற்றைச் சுற்றிக்கொண்டே. போன வியாழன் இரவு க்ளெய்ம் ஃபைல் ஒன்று பாதியில் நின்றிருக்கிறது. ஷிஃப்டில் அவள்தான். ராத்திரி 11:40க்கு கிளையண்டையே கூப்பிட்டு, என்ன பிரச்சினை, எத்தனை க்ளெய்ம் நிற்கிறது, சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு, சரிசெய்து, மெயிலும் அனுப்பிவிட்டுப் போயிருக்கிறாள். நான் நல்ல தூக்கம். காலையில் பஸ்ஸில் அந்த மெயிலைப் படித்தேன். சிசியில் கடைசிப் பெயர் என்னுடையது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்து மிஸ்டு கால் ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

நோட்டில் எழுதிவிட்டேன் அக்கா, தேதியோடு.

---

பழைய மெயின்ஃப்ரேம்
டிசம்பர் 14, மதியம் 1:05

ஒரு மிஸ்டு காலும் இருந்திருக்காது. அடுத்த தடவை பார்க்காதே.

---

பெஞ்ச் மன்னன்
டிசம்பர் 14, மதியம் 1:08

எல்லாம் சரி. டெசிக்னேஷன் வந்ததா?

---

சிறுசேரி வண்டி
டிசம்பர் 14, மதியம் 1:30

அக்டோபர் சைக்கிளில் வரவில்லை. ஏப்ரலில் பார்க்கலாம் என்றார். இந்தத் தடவை டீயோடு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.